சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் பழைய ஹை-ஃபை ஸ்பீக்கர்: 15,000 ரூபாய்க்குள் எது?

வளவு_வீடு (பள்ளத்தூர்) · சனி, இரவு 9:40

வணக்கம். ஆறு மாதமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

வீட்டிலிருந்தே வேலை என்றானதும் சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டுக்கே வந்துவிட்டோம். மூத்தவளுக்கு நாலு வயது. சின்னவனுக்கு ஒன்றேகால், நடக்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. 1980களில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் ஒன்று பெட்டகத்துக்குள் கிடந்தது. மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்ததில் இப்போது நன்றாகப் பாடுகிறது. சேனலுக்கு 35 வாட், பின்னால் 8 ஓம் என்று எழுதியிருக்கிறது. அதனுடன் வந்த ஸ்பீக்கர்கள் கரையானுக்குப் போய்விட்டன. தூக்கினால் பலகை கையோடு வருகிறது.

கேட்பது எண்பதுகளின் திரைப்பாடல்கள், நாதஸ்வரம், இரவில் கொஞ்சம் வீணை. வைக்கப்போவது இரண்டாங்கட்டில், 12க்கு 18 அடி ஹால். கீழே ஆத்தங்குடிக் கல், மேலே தேக்குக் கட்டை. சுவர் பழைய முட்டைப் பூச்சு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. வீடு பங்காளிகள் நாலு பேருக்குப் பொது, அதனால் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. இது அப்பத்தா போட்ட சட்டம்.

இரண்டு விளம்பரம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று திருச்சியில் டவர் (தரையில் நிற்கும் உயரப் பெட்டி) ஜோடி, 14,000. இன்னொன்று பெங்களூரில் புக்‌ஷெல்ஃப் (அலமாரியில் வைக்கும் சின்னப் பெட்டி) ஜோடி, 9,000, பார்சலில் அனுப்புவார்களாம். எதற்குப் போகலாம்?

இரட்டைப்பிள்ளை_அம்மா (சென்னை, சொந்த ஊர் கானாடுகாத்தான்) · சனி, இரவு 9:52

டவர் வேண்டாம். ஒன்றேகால் வயதுப் பையனுக்கு அது பிடித்து எழுந்து நிற்கிற தூண்.

புதுசு_மட்டும் · சனி, இரவு 10:05

15,000 ரூபாய்க்கு வாரண்டியோடு புது சவுண்ட்பார் வரும். ப்ளூடூத் இருக்கும், டிவிக்கும் ஆகும். முப்பது வருஷப் பெட்டியை வாங்கி அதற்கு வைத்தியம் பார்ப்பானேன்?

வளவு_வீடு · சனி, இரவு 10:11

சவுண்ட்பார் சென்னையில் இருந்தது சார். டிவிக்குச் சரி. நாதஸ்வரத்தை அதில் கேட்டால் பக்கத்துத் தெருக் கல்யாணம் மாதிரி இருந்தது. ஆம்ப் சும்மா இருக்கிறது, அதைப் பாடவைக்கத்தான் ஆசை.

இரட்டைப்பிள்ளை_அம்மா · சனி, இரவு 10:30

அரை மணி முன்பு ஒரே வரியில் முடித்துவிட்டேன். இப்போது இரண்டும் தூங்கிவிட்டன, விவரமாகச் சொல்கிறேன்.

எங்களிடம் இருந்ததும் டவர்தான், ஒவ்வொன்றும் 17 கிலோ. பிள்ளைகளுக்குப் பதினான்கு மாதம் ஆனபோது ஒருநாள் பால் காய்ச்சப் போனேன். திரும்பி வருவதற்குள் முன்பக்கத் துணி மூடியை (கிரில்) உருவிக் கீழே போட்டு, இருக்கிற இரண்டு ட்வீட்டரிலும் (மேல்சுருதி தரும் சின்ன ஸ்பீக்கர்) ஆளுக்கு ஒரு விரல். ட்வீட்டரின் நடுக் குமிழ் உள்ளே போய்க் கன்னக்குழி மாதிரி ஆகிவிட்டது. பட்டுத்துணிக் குமிழ் என்பதால் செல்லோ டேப்பை மெதுவாக ஒட்டி இழுத்தேன், ஒன்று வெளியே வந்துவிட்டது. மற்றதில் ஒரு மடிப்பு இன்றும் இருக்கிறது. அலுமினியக் குமிழாக இருந்திருந்தால் அதுவும் மீண்டிருக்காது. உலோகக் குமிழில் விழுந்த பள்ளம் பெரும்பாலும் விழுந்ததுதான்.

அது பணத்தோடு போயிற்று. அடுத்த வாரம் ஒருத்தி டவரைக் கட்டிப்பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். பார்த்த அன்றைக்கே விற்றுவிட்டேன். ஆறு வயது வரைக்கும் தரையில் நிற்கிற ஸ்பீக்கர் எங்கள் வீட்டில் கிடையாது. ஸ்டாண்டில் வைக்கிற புக்‌ஷெல்ஃபும் இதே கதைதான். ஸ்டாண்டுக்குள் மணல் நிரப்பினாலும் மேலே இருக்கிற பெட்டி சரியும்.

சீல்டு_பெட்டி (திருச்சி) · ஞாயிறு, காலை 6:48

தம்பி, எந்த ஸ்பீக்கர் என்று கேட்கிறீர்கள். எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், பாதி ஸ்பீக்கர்கள் தானாகவே பட்டியலிலிருந்து போய்விடும்.

அந்த ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். ‘ட்ர்ர்’ என்று சத்தம் நீண்டு போகும். கல் தரை, வழவழச் சுவர், உயரக் கூரை எல்லாம் சேர்ந்து சத்தத்தை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. 50,000 ரூபாய் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தாலும் பாட்டு மண்டபத்தில் பாடுகிற மாதிரிதான் கேட்கும். கனமான ஜமக்காளம் ஒன்றை ஸ்பீக்கருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் விரியுங்கள். ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவர்ப் பக்கம் துணி நிறைந்த திறந்த அலமாரியோ, மெத்தையைச் சுருட்டி வைக்கிற இடமோ இருந்தால் இன்னும் நல்லது. விழுந்து எழும் பிள்ளைக்கும் ஜமக்காளம் நல்லது. இந்தச் செலவை 15,000க்குள் சேர்த்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கருக்கு 12,000 போதும்.

அடுத்தது சுவர். பிள்ளைக்கு எட்டக் கூடாது, ஸ்டாண்டும் கூடாது என்றால் பெட்டி ஏதாவது அலமாரி மேல் சுவரை ஒட்டித்தான் போகும். சுவரை ஒட்டினால் கீழ்ச்சுருதி வீங்கும், மூலையில் வைத்தால் இரட்டிப்பாக வீங்கும். பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டிதான் இதில் மோசம், ‘பூம் பூம்’ என்று ஒரே சுருதியில் முட்டும். என் ஓட்டு ஓட்டையில்லாத மூடிய (சீல்டு) பெட்டிக்கே, பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்றையே கோனுக்கு (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) ஸ்பிரிங் ஆக்கிய பெட்டி அது. அலமாரியில் வைக்கிற அளவுப் பெட்டியில் ஆழமான கீழ்ச்சுருதி வரும் என்று உலகம் நம்பியது அதற்குப் பிறகுதான். 1978இல் வந்த யமஹா என்.எஸ்-10எம் மூடிய பெட்டிதான். வீட்டு அலமாரிக்கென்று செய்தார்கள், ஸ்டுடியோக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அதனாலேயே இப்போது விலை ஏறிக் கிடக்கிறது. பிபிசி வடிவமைத்த எல்.எஸ்3/5ஏவும் மூடிய பெட்டிதான். ஆனால் அது நம் பேச்சிலேயே வேண்டாம், விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

நம் பக்கத்தில் கிடைக்கக்கூடியது கொல்கத்தா சோனோடைன், 1970இலிருந்து இருக்கிற கம்பெனி. பழைய வீடுகளைக் காலி செய்கிறபோது மலிவாக வரும். இங்கிலாந்து வார்ஃப்டேலின் டயமண்ட் வரிசையும் அடிக்கடி விற்பனைக்கு வருகிறது, பெட்டி சின்னது.

35 வாட் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போதும். ஸ்பீக்கரின் பின்னால் 86 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 86 கேட்கும் என்று பொருள். வீட்டில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஒரு வாட்டுக்குள்தான்.

மைக்செட்_மாப்பிள்ளை (தேவகோட்டை) · ஞாயிறு, காலை 11:20

அண்ணே சொன்னதெல்லாம் சரி, ஆனால் பழையது வாங்குவதில் பணம் போவது பிராண்டில் இல்லை. நான் மைக் செட்காரன் வீட்டுப் பிள்ளை, எரிந்த ஸ்பீக்கருக்கு நடுவிலேயே வளர்ந்தவன். பெங்களூர் பார்சலை விடுங்கள். கையால் தொட்டுப் பார்க்காத பழைய ஸ்பீக்கரை வாங்கவே கூடாது.

போகும்போது ஒரு பென்டார்ச் செல், இரண்டு துண்டு வயர், ஒரு மல்டிமீட்டர், கைபேசியில் உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டு எடுத்துப் போங்கள். முடிந்தால் உங்கள் ஆம்பையே தூக்கிக்கொண்டு போங்கள். விற்கிறவர் ‘நன்றாகத்தான் பாடுகிறது’ என்று தன் ஆம்பில் பாஸைத் திருகி வைத்திருப்பார்.

கிரில்லைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். கோனைச் சுற்றி வளையம் இருக்கும். அது ரப்பரா ஃபோமா பாருங்கள். ஃபோம் என்றால் நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பத்து இருபது வருஷத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கும். விரலால் லேசாகத் தொட்டால் கறுப்பாக ஒட்டும். அது தூசு இல்லை, வளையமே கரைகிறது. ரப்பர் வளையம் பல மடங்கு தாங்கும். ஃபோம் போயிருந்தால் புது வளையம் ஒட்டலாம்தான், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பிறகு கோனின் இரு பக்கமும் நாலு விரலைச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். ‘சரக்’ என்று உரசினால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) கோணிவிட்டது, வேண்டாம். மூடிய பெட்டி என்றால் ஊஃபரை (கீழ்ச்சுருதி தரும் பெரிய ஸ்பீக்கர்) அமுக்கி விட்டால் நிதானமாகத் திரும்பி வரும். துள்ளிக்கொண்டு வந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. மூக்கையும் பயன்படுத்துங்கள், காயில் கருகியிருந்தால் வாடை மாதக்கணக்கில் போகாது.

பென்டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டு எடுத்தால் ஊஃபர் ‘டப்’ என்று அசையும். இரண்டு பெட்டியிலும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்றால் யாரோ திறந்து வயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மீட்டரில் 8 ஓம் பெட்டி 5.5இலிருந்து 7க்குள் காட்டும், 8 காட்டாது என்று பயப்பட வேண்டாம். 3 சொச்சம் காட்டினால் அது 4 ஓம், உங்கள் ஆம்புக்கு வேண்டாம்.

ட்வீட்டருக்கு மீட்டர் உதவாது, நடுவில் கண்டென்சர் (மீட்டரின் நேர் மின்சாரத்தைத் தடுக்கும் உறுப்பு) இருக்கும். ஊஃபரைத் துணியால் மூடிக்கொண்டு காதை ட்வீட்டர் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இரண்டும் ஒரே அளவு சீறுகிறதா? ஒன்று மந்தமாக இருந்தால் அநேகமாக கிராஸ்ஓவரில் (சுருதிகளைப் பிரித்து அனுப்பும் சுற்று) இருக்கிற கண்டென்சர் காய்ந்திருக்கும். சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். ட்வீட்டரே செத்திருந்தால்தான் கஷ்டம், அதே மாடல் தேடி அலைய வேண்டும்.

கடைசியாக, கரையான். இது இங்கிலீஷ் வீடியோ எதிலும் சொல்ல மாட்டார்கள். பெட்டியைத் திருப்பி அடிப்பலகையைத் தட்டுங்கள். டொக் டொக்கென்று கெட்டியாகக் கேட்க வேண்டும். ஓரம் பிஸ்கட் மாதிரி உப்பியிருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறது.

கொக்கி_குமார் · ஞாயிறு, மதியம் 2:15

சுவரில்தானே ஆணி அடிக்கக் கூடாது? உத்திரத்தில் தொட்டில் கொக்கி இருக்குமே. இரண்டு பெட்டியையும் அதில் தொங்கவிடுங்கள் 😄

ஓம்_விதி (காரைக்குடி) · ஞாயிறு, மதியம் 2:41

சிரிப்புக்குச் சொன்னாலும் யாராவது செய்துவிடுவார்கள். தொங்கவிடுவதற்கென்று இரும்பு இன்செர்ட் (திருகு பிடிக்கும் உறை) வைத்த பெட்டி வேறு. சாதாரணப் பெட்டி மரத்தூள் பலகை. அதில் கொக்கியைத் திருகித் தொங்கவிட்டால் ஆறு மாதம் அதிர்ந்து அதிர்ந்து திருகு கழன்று கீழே வரும். கீழே யார் நிற்பார் என்று சொல்ல முடியாது.

பள்ளத்தூர்க்காரரே, பெட்டகம் என்றீர்களே. உயரம் என்ன?

வளவு_வீடு · ஞாயிறு, மாலை 5:03

நாலடி இரண்டு அங்குலம். நீளம் ஆறடி. பர்மா தேக்கு, அசைக்க நாலு ஆள் வேண்டும். உள்ளே அப்பத்தாவின் வெள்ளிச் சாமான்.

ஓம்_விதி · ஞாயிறு, மாலை 5:30

இதைவிட நல்ல ஸ்பீக்கர் ஸ்டாண்ட் கடையில் கிடைக்காது! இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று வையுங்கள். விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, அடியில் நாலு மூலைக்கும் ரப்பர் பாதம் அல்லது ப்ளூ-டாக் (களிமண் மாதிரி ஒட்டும் பசை) உருண்டை. கதவுக் கைப்பிடியையும் இழுப்பறையையும் படி ஆக்கி ஏறுவார்கள், அதனால் சாவி அப்பத்தா இடுப்பிலேயே இருக்கட்டும்.

நீங்கள் தரையில் உட்கார்ந்து கேட்பவரா? அப்படியென்றால் ட்வீட்டர் தலைக்கு மேலே போய்விடும். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள், ட்வீட்டர் கீழே வரும். பின்பக்கம் அடியில் ஒரு மரச்சீவல் கொடுத்து முன்னால் சற்றுக் குனியவைத்தால் போதும். அவசியம் ரப்பர் பாதத்தோடு.

கேபிள் விஷயத்தில் ஏமாற வேண்டாம். ஆறு மீட்டர் ஓடுவதற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு இரட்டை வயர் தாராளம், எலக்ட்ரிக் கடையிலேயே கிடைக்கும். பெட்டகத்தின் பின்னால் இறக்குங்கள். முன்னால் ஒரு சுருள்கூடத் தொங்கக் கூடாது.

ஆம்ப் விஷயம்தான் எனக்குக் கவலை. மேல்பக்கத் துவாரத்தில் பிள்ளைகள் காசு போடுவார்கள். அதையும் பெட்டகத்தின் மேலேயே வையுங்கள், மேலே ஒரு சாண் காற்று வேண்டும், துணி போட்டு மூடக் கூடாது. அந்தக் காலத்து ஏற்றுமதி ஆம்ப் பலவற்றில் பின்னால் வோல்டேஜ் செலக்டர் இருக்கும். 220 அல்லது 240இல் இருக்கிறதா பார்த்து அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு குட்டி விரல் அதை 110க்குத் திருப்பினால் மாமாவின் சிங்கப்பூர் ஞாபகம் புகையாகிவிடும்.

பழைய ஆம்பில் பாட்டு போட ப்ளூடூத் ரிசீவர் வாங்குவீர்கள். அதன் சின்ன ரிமோட்டில் பட்டன் செல் இருந்தால் மூடியைத் திருகாணி போட்டோ டேப் சுற்றியோ அடையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைச் சுட்டுவிடும். விழுங்கினானோ என்று சந்தேகம் வந்தாலே வாழைப்பழம் கொடுத்துக் காத்திராமல் நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

உயர்_கேபிள் · ஞாயிறு, இரவு 8:10

எலக்ட்ரிக் கடை வயரா! வெள்ளி பூசிய கேபிள் போட்டுக் கேட்டால்தான் தெரியும் வித்தியாசம்.

சீல்டு_பெட்டி · ஞாயிறு, இரவு 8:14

அந்தச் சண்டையை வேறு இழையில் போடுவோம் ஐயா. போன தீபாவளிக்கு ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை.

இரட்டைப்பிள்ளை_அம்மா · ஞாயிறு, இரவு 9:26

யாரும் சத்த அளவைப் பற்றிப் பேசவில்லையே. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்குப் பெரியவர் என்றால் 80, பிள்ளைகள் என்றால் 75 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை. அது ஹெட்போன் கருவிகளுக்காகச் சொன்னது. ஆனாலும் அதே கணக்கைத்தான் நான் வீட்டிலும் வைத்திருக்கிறேன். கைபேசியில் அளக்கிற செயலி துல்லியமில்லை, இருந்தாலும் ஒரு மதிப்பு கிடைக்கும். அந்த இடத்தில் வால்யூம் குமிழில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். ‘பொட்டைத் தாண்டக் கூடாது’ என்றால் பிள்ளைகளுக்கே புரிகிறது. இவருக்குத்தான் புரியவில்லை.

மைக்செட்_மாப்பிள்ளை · ஞாயிறு, இரவு 10:02

அக்கா சொன்னதோடு ஒன்று. பிள்ளை வால்யூம் குமிழை ஒரே திருகாகக் கடைசி வரை திருகினால் சின்ன ஆம்ப் திணறி, அலையின் முனை வெட்டுப்பட்டு ட்வீட்டர் எரியும். பெரிய ஆம்பைவிடத் திணறுகிற சின்ன ஆம்பில் எரிந்த ட்வீட்டரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கைபேசியில் சத்தத்தைப் பாதியில் வைத்துவிடுங்கள். அப்போது குமிழ் கடைசிக்குப் போனாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

துணி கிரில் இருந்தால் அதை நம்ப வேண்டாம். பி.ஏ. (மைக் செட்) ஸ்பீக்கருக்குப் போடுகிற வட்ட இரும்பு வலை மைக் செட் சாமான் கடையில் அங்குலக் கணக்கில் கிடைக்கும். கறுப்பு ஸ்ப்ரே அடித்து உள்ளே மாட்டி மேலே துணியைப் போட்டுவிடுங்கள்.

வளவு_வீடு · அடுத்த ஞாயிறு, இரவு 9:15

முதலில் அந்த திருச்சி டவரை மறந்தாயிற்று. மதுரையில் ஒரு ஜோடி, 8,000 என்று போட்டிருந்தார்கள், போனேன். வெளியே புதுசு போல மின்னியது. கிரில்லைக் கழற்றச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஃபோமைத் தொட்டேன், விரலில் கறுப்பு. ‘தூசு சார், துடைத்தால் போய்விடும்’ என்றார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு ஒரு காபி கடன்.

வியாழக்கிழமை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகளையும் சுற்றினேன். வால்வு ரேடியோ, கிராமபோன் குழாய், ஊஞ்சல் சங்கிலி எல்லாம் இருந்தது, ஸ்பீக்கர் இல்லை. அலங்காரத்துக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு விலை, என் மாதிரி ஆளுக்கு ஒரு முறைப்பு.

அங்கே ஒரு கடைக்காரர் சொல்லித்தான் செக்காலையில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். சோனோடைன் புக்‌ஷெல்ஃப், ரப்பர் வளையம், முன்பக்கம் போர்ட் (காற்று ஓட்டை). ஆம்பைத் தூக்கிக்கொண்டே போயிருந்தேன். செல் வைத்தேன், இரண்டும் ஒரே பக்கம் அசைந்தன. மீட்டரில் 6.1, 6.2. ஒரு ட்வீட்டர் கொஞ்சம் மந்தம், அதைச் சொல்லி 7,500ஐ 6,000 ஆக்கினேன். கண்டென்சர் மாற்றியதில் 350 ரூபாய், இப்போது இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. பெரியவர் அட்டைப்பெட்டி வரை வைத்திருந்தார். காரில் ஏற்றும்போது ‘மூன்றாம் மாதம் ஒரு தடவை அடிப்பலகையைப் பார்த்துக்கோ தம்பி’ என்றார்.

சீல்டு_பெட்டி அண்ணன் கோபிக்கக் கூடாது, மூடிய பெட்டி கிடைக்கவில்லை.

சீல்டு_பெட்டி · அடுத்த ஞாயிறு, இரவு 9:31

கோபம் என்ன தம்பி. ஒரு ஜோடி பழைய காலுறையைச் சுருட்டி ஆளுக்கு ஒன்றாக போர்ட்டில் அடையுங்கள், பாதி மூடிய பெட்டி ஆகிவிடும். நாதஸ்வரத்துக்கு அடைத்து வையுங்கள். தவிலுக்கு வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

வளவு_வீடு · மூன்று வாரம் கழித்து

நிலவரம்: பெட்டகத்தின் மேல், தலைகீழாக, காலுறையோடு. ஜமக்காளம் விரித்தபிறகு கைதட்டல் எதிரொலி பாதியாகக் குறைந்துவிட்டது. இந்தப் பெரிய மாற்றம் ஸ்பீக்கரால் வந்ததா ஜமக்காளத்தால் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

சின்னவனுக்கு எட்டாத உயரம் என்று நிம்மதியாக இருந்தேன். நேற்று அப்பத்தா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டு நின்றிருக்கிறார்கள். கையில் சீப்புச்சீடை. அப்பத்தா கண்ணை மூடி நாதஸ்வரத்தை ரசிக்க, இவன் ஒவ்வொன்றாக போர்ட்டுக்குள் போட்டிருக்கிறான். காலுறை தடுத்துவிட்டது, ஐந்து சீடையையும் முழுசாக எடுத்துவிட்டோம்.

இரட்டைப்பிள்ளை_அம்மா · அன்றே

போர்ட் வாய்க்கும் ஒரு இரும்பு வலை போடுங்கள். சீடைக்கு எறும்பு வரும்.

மைக்செட்_மாப்பிள்ளை · அன்றே

வலை என்னிடம் இருக்கிறது அண்ணே, மூன்று அங்குலம், இரண்டு துண்டு. ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் வருகிறேன், அந்தக் காபியையும் குடித்துவிடலாம்.